குழாயை மறைத்த மரம்: குளியலறை அலமாரியின் இந்திய வரலாறு

'கமோடு' என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது பீங்கானாலான மேற்கத்தியக் கழிப்பிருக்கை. அச்சொல் முதலில் குறித்ததோ மரச்சாமானை. 'வசதியானது' என்னும் பொருளுடைய அந்தப் பிரெஞ்சுச் சொல், 18ஆம் நூற்றாண்டில் இழுப்பறைகள் கொண்ட தாழ்ந்த அலமாரியின் பெயராக வழங்கியது. ஆங்கிலேயர் அதனை எடுத்து, கழிவுக்கலத்தை உள்ளே மறைத்து வைத்த மரப்பெட்டிக்குச் சூட்டினர். அப்பெட்டியோடு இந்தியாவுக்கு வந்த சொல், பெட்டி வழக்கொழிந்த பின்னும் தங்கிவிட்டது. மரம் போய்ப் பீங்கான் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அப்பெட்டியின் உறவுப்பொருள் ஒன்று கடந்த முப்பது ஆண்டுகளில் இந்திய நகர வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. வாஷ்பேசினைத் தாங்கியும் அதன் கீழுள்ள குழாய்களை மறைத்தும் நிற்கும் மர அலமாரி அது. கடைத்தெருவில் அதற்கு 'வானிட்டி' என்று பெயர். மூன்றடி அகலம், இரண்டு கதவுகள், ஓர் இழுப்பறை. வீட்டுக் கூடத்திலோ வண்டி நிறுத்துமிடத்திலோ பலகை அறுத்துச் செய்துவிடக்கூடிய சிறுபொருள்தான். ஆயினும் ஒரு வீட்டில் மரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத இடம் குளியலறையே. அவ்விடத்துக்கு மரம் ஏன் சென்றது, ஏன் வெளியேறியது, ஏன் திரும்பி வந்தது என்னும் கேள்விகளைப் பின்தொடர்ந்தால், நீர் சுமந்தவர்கள், கழிவு அகற்றியவர்கள், பலகை ஒட்டியவர்கள் என மூன்று வகை உழைப்பாளர்கள் அடுத்தடுத்து எதிர்ப்படுகிறார்கள்.

முதலில் மரத்துக்கும் நீருக்கும் உள்ள உறவைப் பார்க்கவேண்டும். ஈரத்தை ஏற்கும்போது மரம் தன் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாட்டில் மட்டும் விரிகிறது. அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் விரிவு, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படும் விரிவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு பலகை வளைவதும் முறுக்கிக்கொள்வதும் இதனால்தான். ஆனால் நனைவதால் மட்டும் மரம் மக்கிவிடாது. மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும்வரை அதை அழிக்கும் பூஞ்சை அதில் வளர்வதில்லை. நனைந்த மரம் உலர வழியிருந்தால் பல்லாண்டு வாழும்; உலர வழியில்லாத மரம் விரைவில் மடியும். மரவகையும் முக்கியம். பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தின் மேற்பார்வையில் தேக்கால் கட்டப்பட்டு, 1817இல் நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கமாலி' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்து நிற்கிறது.

இந்தியக் குளியல் மரபு இவ்வுண்மையை அறிந்தே மரத்தைக் கையாண்டது. ஆற்றுத்துறை, கிணற்றடி, முற்றத்து மூலை, கல் பாவிய ஹம்மாம் எதுவாயினும் நீர் புழங்கும் இடம் கல்லாலும் சுதையாலும் ஆனது. அங்கே இடம்பெற்ற மரம் பெரும்பாலும் ஒன்றே. வட இந்தியாவில் சௌக்கி என்றும் தமிழில் மணை என்றும் அழைக்கப்படும் உட்காரும் பலகை அது. குளிக்கும்போது நனையும், குளித்தபின் சுவரில் சாய்த்து வைத்தால் காற்றிலும் வெயிலிலும் காயும். அதில் மூடிய அறை இல்லை. மறைந்த மூலையும் இல்லை. மேலும், தேங்கிய நீரில் முகம் கழுவுவதைவிடச் செம்பிலிருந்து வார்க்கும் ஓடுநீரில் கழுவுவதையே இம்மரபு தூய்மை எனக் கொண்டது. எனவே நீரைத் தேக்கி வைக்கும் கிண்ணத்துக்கோ, அக்கிண்ணத்தைத் தாங்கும் மேசைக்கோ இங்கே தேவை எழவில்லை.

அத்தேவையைக் கொண்டுவந்தது காலனிய பங்களா. தாமஸ் சிப்பெண்டேல் 1754இல் லண்டனில் வெளியிட்ட மரச்சாமான் வரைபட நூலில், கிண்ணம் வைக்கும் தாங்கிகளும் சவர மேசைகளும் இடம்பெற்றிருந்தன. இத்தகைய சாமான்கள் படைத்தலைவர்களோடும் வணிகர்களோடும் இந்தியா வந்தன. கப்பலிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றிச் செல்ல ஏதுவாகக் கழற்றி மடிக்கக்கூடிய, மூலைகளில் பித்தளைத் தகடு பொருத்திய 'முகாம் சாமான்கள்' தனி வகையாகவே வளர்ந்தன. விரைவில் இவற்றைப் பார்த்து இந்தியத் தச்சர்கள் தேக்கிலும் கருமரத்திலும் செய்யத் தொடங்கினர். வேலை நடந்த இடம் பெரும்பாலும் வீட்டுத் தாழ்வாரமே. மிஸ்திரி தன் கருவிப்பையோடு வந்து, தரையில் அமர்ந்து, மரத்தைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு இழைத்தார். வீடே பட்டறையாகும் இவ்வழக்கம் இன்றும் இந்தியத் தச்சுத் தொழிலின் தனித்தன்மையாக நீடிக்கிறது.

அந்நாளைய பங்களாக் குளியலறையின் அமைப்பு எப்படி இருந்தது என்பதற்கு, ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட 'ஜங்கிள் புக்' நூலிலுள்ள கீரிப்பிள்ளைக் கதை ஒரு சான்று. அக்கதையில் குளியல்நீர் வெளியேறுவதற்காகச் சுவரின் அடியில் ஒரு செங்கல் நீக்கப்பட்டிருக்கிறது. அவ்வழியே உள்ளே வரும் நாகம் பெரிய நீர்ச்சாடியைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கிறது. உள்ளே வரும் குழாயும் இல்லை. வெளியே செல்லும் குழாயும் இல்லை. சாடியில் இருப்பது மனிதர் சுமந்து வந்து நிரப்பிய நீர்.

குழாய் இல்லாத அவ்வறையில் குழாயின் வேலையை மனிதர் செய்தனர். ஆட்டுத்தோல் பையில் நீர் சுமந்த பிஷ்டி ஒருவர். கழிவுக்கலத்தை எடுத்துச் சென்று கழுவி வைத்த தூய்மைப் பணியாளர் மற்றொருவர். ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்புக் கையேடு, ஒவ்வொரு பணியாளின் கடமைகளையும் தனித்தனியே வகுத்துக் கூறுகிறது. அதில் இவ்விருவருக்கும் இடமுண்டு. படுக்கையறையோடு இணைந்த குளியலறைக்கு வெளிப்பக்கமாக இரண்டாவது கதவு வைக்கப்பட்டது இவர்களுக்காகவே. கல்கத்தாவின் பழைய மாடி வீடுகளின் பின்புறத்தில் இன்றும் காணப்படும் இரும்புச் சுழற்படிகளும் அதே நோக்கத்தின் எச்சங்கள். குளியலறைக்குள் வரவேண்டியவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்னும் சாதிய விதியைக் கட்டடக்கலை இரும்பில் வார்த்துக்கொண்டது.

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் முகங்கழுவு மேசையும் கமோடு பெட்டியும் வெறும் அலங்காரப் பொருள்களாகத் தெரியமாட்டா. மெருகேற்றிய தேக்கு மூடி, கழிவை மட்டும் மறைக்கவில்லை. அதை எடுப்பவரின் வேலையையும் வீட்டாரின் கண்ணிலிருந்து மறைத்தது. காலையில் கிண்ணத்தில் தெளிந்த நீர் இருந்தது, மாலையில் பெட்டி தூய்மையாக இருந்தது என்பதே வீட்டார் அறிந்தது. அம்மேசை நெடுநாள் உழைத்ததற்கும் இவ்வுழைப்பே காரணம். சிந்திய நீரை உடனுக்குடன் துடைக்க ஆள் இருந்ததால்தான் மரம் உலர்ந்தே இருந்தது.

பிறகு குழாய் வந்தது. பம்பாய்க்காக விஹார் ஏரி 1860இல் கட்டி முடிக்கப்பட்டது. கல்கத்தாவுக்குப் பல்தா நீரேற்று நிலையத்திலிருந்து 1870ஐ ஒட்டி வடிகட்டிய நீர் வந்தது. சென்னைக்குச் செங்குன்றம் ஏரியின் நீர் 1872இல் வந்தது. குழாய்நீர் வந்த வீடுகளில் குடமும் கிண்ணமும் தேவையற்றுப் போயின. அவற்றைத் தாங்கிய மேசையும் மெல்ல வெளியேறியது. சுவரில் பொருத்திய பீங்கான் தொட்டி அதன் இடத்தைப் பிடித்தது. இதே காலத்தில் ஐரோப்பிய நலவழிப் பொறியாளர்களின் எண்ணமும் மாறிக்கொண்டிருந்தது. குழாய்களையும் கழிப்பிருக்கையையும் மரப்பெட்டிக்குள் மூடி வைப்பதே நோய்க்கும் அழுக்கிற்கும் இடந்தருகிறது என்று அவர்கள் வாதிட்டனர். கசிவு கண்ணில் படவேண்டும், மூலை கைக்கு எட்டவேண்டும், குழாய் திறந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. ஓடு பதித்த சுவர், சிமெண்டுத் தரை, காலூன்றியோ சுவரில் தொங்கியோ நிற்கும் பீங்கான் தொட்டி என 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு இந்திய நடுத்தர வர்க்கக் குளியலறை இவ்வடிவில்தான் இருந்தது. கதவும் நிலையும் தவிர அங்கே மரம் இல்லை.

ஆனால் இவ்வெளியேற்றத்தை முன்னேற்றத்தின் நேர்க்கோடாகக் கொள்வது பிழையாகும். உள்ளே நீர் கொண்டுவரும் குழாய் முதலில் வந்தது. கழிவை வெளியே கொண்டுசெல்லும் குழாய் பல நகரங்களில் மிகப் பிந்தியே வந்தது. பல இடங்களில் வரவே இல்லை. அதனால் பிஷ்டியின் தொழில் பெருமளவு மறைந்த பின்னும் கையால் கழிவகற்றும் தொழில் தொடர்ந்தது. உலர் கழிப்பறைகளைக் கட்டுவதையும் கையால் மலம் அள்ளப் பணியமர்த்துவதையும் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் இயற்றப்பட்டது. அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது. மரப்பெட்டி காலாவதியாகி நெடுங்காலம் ஆன பின்னரும், அப்பெட்டி எந்த உழைப்பை நம்பியிருந்ததோ அவ்வுழைப்பு ஒழியவில்லை.

மரம் குளியலறைக்குத் திரும்பியது 1990களுக்குப் பிந்தைய அடுக்குமாடி வாழ்க்கையில். கிரானைட் பலகையில் துளையிட்டுப் பதித்த தொட்டி, அதன் கீழே கதவு வைத்த அலமாரி என்னும் வடிவம் பரவியது. இம்முறை மரம் வந்தது நீரைத் தாங்குவதற்கு அன்று, குழாயை மறைப்பதற்கு. வந்த மரமும் பழைய தேக்கு அன்று, பிளைவுட்.

பிளைவுட் என்பது மரத்தின் விரிவுச் சிக்கலுக்குக் கண்ட ஒரு விடை. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றின் நார்ப்போக்கும் அடுத்ததற்குக் குறுக்காக அமையும்படி, ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டினால் ஒரு தாளின் விரிவை மற்றொரு தாள் தடுக்கிறது. பழைய தச்சு முறை இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, பலகையை அதில் ஒட்டாமல் செருகி, மழைக்காலத்தில் அது விரியவும் கோடையில் சுருங்கவும் இடம் விட்டது. மரம் அசையும் என்று ஏற்றுக்கொண்டு அதற்கு வழிவிடுவது அம்முறை. அசையவிடாமல் ஒட்டிக் கட்டுப்படுத்துவது பிளைவுட்டின் முறை. எனவே பிளைவுட்டின் ஆயுள் மரத்தில் இல்லை, பசையில் இருக்கிறது.

இந்தியாவில் பிளைவுட் தொழில் வேரூன்றியது அசாமில், தேயிலைப் பெட்டிகளுக்காக. ஹொல்லொங் போன்ற மழைக்காட்டு மரங்கள் அதற்கு மூலப்பொருளாயின. 1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மரங்களின் இயல்புகளை ஆராய்ந்து பதிவு செய்தது. 1962இல் பெங்களூரில் பிளைவுட்டுக்கென்றே ஓர் ஆய்வகம் தோன்றியது. தர நிர்ணயங்களும் உருவாயின. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303, கடல்சார் பயன்பாட்டுக்கு ஐ.எஸ். 710. முதலாவதில் ஈரம் தாங்கும் எம்.ஆர். வகையும், கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையும் உண்டு. கடைமொழியில் இவை 'கமர்ஷியல்', 'வாட்டர்ப்ரூஃப்', 'மெரைன்'. எம்.ஆர். வகையில் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசை தொடர் ஈரத்தில் சிதைந்துவிடும். மற்ற இரண்டிலும் பயன்படும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை நீரில் கரையாது. மெரைன் பிளைவுட்டின் மாதிரித்துண்டு 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருக்கவேண்டும் என்பது விதி. பார்வைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். வெட்டிய ஓரத்தில் தெரியும் கரும்பழுப்புப் பசைக்கோடு ஒரு குறிப்பைத் தரலாம். மற்றபடி வாங்குபவர் நம்பவேண்டியது பலகையின் முத்திரையை.

அசாமின் பிளைவுட் காலம் நீதிமன்ற ஆணை ஒன்றால் முறிந்தது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12ஆம் நாள் பிறப்பித்த இடைக்கால ஆணை, வடகிழக்கின் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், அவற்றின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் அமைந்த அசாம் பகுதியிலும் இருந்த மரம் அறுக்கும் ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் மூடப்பட்டன. 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, மரம் சார்ந்த தொழில்கள் உழவரிடமிருந்து மூலப்பொருளைப் பெறவேண்டும் என்று முன்னரே கூறியிருந்தது. அத்திசையில் தொழில் இடம்பெயர்ந்தது. ஹரியானாவின் யமுனாநகர், உழவர்கள் வரப்பில் வளர்த்த பாப்லர், யூகலிப்டஸ் மரங்களைக் கொண்டு பெரும் பிளைவுட் மையமாயிற்று. கேரளத்தின் பெரும்பாவூர், பால் வற்றிய ரப்பர் மரங்களைக் கொண்டு வளர்ந்தது. அசாமில் வேலையிழந்த தொழிலாளர் பலர் பெரும்பாவூர் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தனர். காடு காக்கப்பட்டது, அதன் விலையில் ஒரு பங்கை அவர்கள் செலுத்தினார்கள். இன்றைய குளியலறை அலமாரியின் பலகைக்குள் இப்புலப்பெயர்வும் ஒட்டப்பட்டிருக்கிறது.

பசை மாறியபோது தச்சரின் அறிவும் இடம்மாறியது. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த 'சரேஷ்' பசையை ஈரத்தில் நம்ப முடியாது. அதனால் ஒரு மரத்தின் நாக்கை மற்றொன்றின் துளையில் செருகி, மூங்கில் ஆணி அடித்து இறுக்கும் இணைப்பே உறுதிக்கு ஆதாரம். 1959இல் ஃபெவிகால் அறிமுகமான பின் காய்ச்ச வேண்டாத வெள்ளைப் பசை பரவியது. பிளைவுட், திருகாணி, மேலே ஒட்டும் மைக்காத் தகடு என்னும் புதிய இலக்கணம் உருவாயிற்று. ராஜஸ்தானின் சுதார்கள், மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சைஃபிகள் முதலிய தச்சுச் சமூகத்தவர் ஊர் ஊராகச் சென்று, முடிவுறாத அடுக்குமாடிகளில் தங்கி, இவ்விலக்கணத்தில் அலமாரிகளைச் செய்தனர். முன்பு தட்டிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் மரத்தை அறிந்த கை, இப்போது முத்திரையைப் படித்து அறியவேண்டியதாயிற்று. முத்திரை பொய்யானால், தச்சரின் திறமை எதனாலும் அலமாரியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் இரண்டு மழைக்காலத்தில் பலகை உப்பிப் பிரிந்தால் வசை கேட்பவர் தச்சரே.

ஆயினும் அவ்வறிவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. குளிர்நாட்டு வரைபடங்களில் உள்ள அலமாரி தரைமேல் அமர்ந்திருக்கும். அங்கே குளியல் தொட்டிக்குள் முடிந்துவிடுவதால் அறையின் தரை உலர்ந்திருக்கும். இந்தியக் குளியலறையில் வாளியும் குவளையும் புழங்குவதால் தரை முழுதும் நனையும். கழுவும்போது நீரை வாரி இறைப்பார்கள். அவ்வரைபடத்தை அப்படியே பின்பற்றினால் பலகையின் அடி ஓரம் நீரை உறிஞ்சும். பலகையின் முகத்தைவிட, நாரின் முனைகள் திறந்து கிடக்கும் வெட்டோரமே பல மடங்கு விரைவாக ஈரத்தை இழுக்கும். எனவே அனுபவமுள்ள மிஸ்திரி அலமாரியைத் தரையிலிருந்து உயர்த்திச் சுவரில் பொருத்துகிறார். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றுக்கும், குழாய்க்காகத் துளைத்த வட்டத்தின் உட்பக்கத்துக்கும்கூட, வார்னிஷோ பசையோ பூசி அடைக்கிறார். பின்பலகையை வைக்காமல் சுவர் தெரியும்படி விட்டுவிடுகிறார். அவ்வாறு விட்டால் காற்று புகும். கசிவு தோன்றினால் தெரியும். பிளம்பரின் கையும் எட்டும்.

செலவைக் குறைக்கச் செய்யும் வேலை என்று வீட்டார் இதனைக் கருதுவதுண்டு. உண்மையில் இது சௌக்கியின் அறிவும், 19ஆம் நூற்றாண்டு நலவழிப் பொறியாளர்களின் அறிவும் ஒன்றுசேரும் இடம். நனைவதைத் தடுக்க முடியாது. உலர்வதைத் தடுக்காமல் இருக்கலாம். மறைப்பு முழுமையடையும் இடத்தில் மக்குதலும் தொடங்குகிறது.

இதே வேலையில் மறைந்திருக்கும் மற்றொன்றும் உண்டு. வீடே பட்டறையாகும்போது அறுபடும் பலகையின் தூசி மூடிய அறைக்குள்ளேயே சுற்றுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியையும் ஃபார்மால்டிஹைடையும் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தியுள்ளது. பெருந்தொழிற்சாலையில் தூசியை உறிஞ்சும் கருவி வைக்கச் சொல்லலாம். யாரோ ஒருவருடைய வீட்டின் காலி அறையில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுப்பவருக்கு அதனை உறுதிசெய்பவர் எவர்? வேலை முடிந்து கூடம் பெருக்கப்பட்டதும் அத்தூசியின் தடமும் இல்லாமற் போகிறது.

இப்போது குளியலறையிலிருந்து மரம் இரண்டாம் முறையாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. ஈரத்தில் உப்பாத பி.வி.சி. பலகைகள் பிளைவுட்டின் இடத்தைப் பிடித்துவருகின்றன. அவற்றின் மேல் மரக்கோடுகள் அச்சிடப்படுகின்றன. மரம் இல்லாமலே மரத்தோற்றம் கிடைத்துவிட்டது. ஆனால் அலமாரி என்னும் வடிவம் போகவில்லை, ஏனெனில் மறைக்கவேண்டும் என்னும் விருப்பம் போகவில்லை. கமோடு பெட்டியிலிருந்து இன்றைய வானிட்டிவரை பொருள் மாறியிருக்கிறது, பசை மாறியிருக்கிறது, நீர் வரும் வழி மாறியிருக்கிறது. கதவைச் சாத்திய பிறகு உள்ளே இருப்பதைப் பற்றி வீட்டார் எண்ணவேண்டியதில்லை என்னும் ஏற்பாடு மட்டும் மாறாமல் இருக்கிறது.

பொருள்சார் பண்பாட்டு வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அரண்மனை ஆசனங்களையும் கோயில் தேர்களையும் நாடுகிறார்கள். அவற்றைப் போலவே, அடுத்த அறையில் நிற்கும் இவ்வெளிய அலமாரியும் ஓர் ஆவணம்தான். அதனை வாசிக்கச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து, குனிந்து, பின்பலகை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். அது இல்லையென்றால், அவ்வீட்டில் ஒருநாள் மரத்தையும் நீரையும் அறிந்த ஒருவர் வேலை செய்திருக்கிறார் என்று அறியலாம். அவருடைய பெயர் அலமாரியில் எங்கும் எழுதப்பட்டிராது.